தன் எடைக்கு மேல் சுமக்கும் வண்டி: கரிசல் நிலத்தில் சிறு ஊர்திகளின் நியாயம்

ஊர்தி ஒன்றை மதிப்பிடுவதற்கு எஞ்சின் கொள்ளளவு, குதிரைத்திறன், உச்ச வேகம், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பன போன்ற அளவைகள் வழக்கில் உள்ளன. ஓர் ஊர்தி தன் எடையோடு ஒப்பிடுகையில் எவ்வளவு சுமையை ஏற்றிச் செல்கிறது என்ற கேள்வி மட்டும் விற்பனை நிலையத்திலும் கேட்கப்படுவதில்லை, வரி விதிக்கும் அலுவலகத்திலும் கேட்கப்படுவதில்லை. கழுதையையும் கட்டை வண்டியையும் வைத்துப் பிழைத்த தலைமுறைகளுக்கு இது அன்றாடக் கணக்காக இருந்தது. வெறும் வண்டியை இழுக்கவே மாட்டின் பாதி பலம் போய்விட்டால் பாரத்துக்கு என்ன மிஞ்சும் என்பதை அவர்கள் பார்த்தே வண்டி செய்வித்தார்கள். எஞ்சின் வந்தபின் அந்தக் கணக்கு மறைந்துபோனதற்குக் காரணம், வீணாகும் பலம் மாட்டின் மூச்சிரைப்பாகக் கண்ணுக்குத் தெரியாமல் பெட்ரோல் புகையாகக் காற்றில் கலந்துவிடுவதுதான். கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் வட்டாரத்தில் சிறிய, எடை குறைந்த ஊர்திகள் ஏன் வேரூன்றின என்பதை ஆராய்ந்தால், இந்த மறைந்த கணக்கு மீண்டும் வெளிப்படுவதோடு, நாட்டின் போக்குவரத்துக் கொள்கை எதை அளக்கத் தவறுகிறது என்பதும் தெளிவாகும்.

நிலமும் பயணமும்

தூத்துக்குடி மாவட்டத்தின் வடமேற்கில், மதுரையையும் திருநெல்வேலியையும் இணைக்கும் 44 ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் கோவில்பட்டி அமைந்திருக்கிறது. தீப்பெட்டித் தொழிலும் பஞ்சாலைகளும் 2020 இல் புவிசார் குறியீடு பெற்ற கடலை மிட்டாயும் இந்நகரின் அடையாளங்கள். எட்டயபுரம், கழுகுமலை, கயத்தாறு, கடம்பூர், பசுவந்தனை, இடைசெவல், நாலாட்டின்புத்தூர் என்று நகரைச் சுற்றிலும் விரிந்து கிடக்கும் ஊர்களிலிருந்து வேலைக்கும் படிப்புக்கும் சந்தைக்கும் மருத்துவத்துக்கும் மக்கள் நாள்தோறும் வந்துபோகிறார்கள். அவர்களுடைய பயணங்களுக்குப் பொதுவாக மூன்று இயல்புகள் உண்டு: தொலைவு பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் அடங்குகிறது; ஒரே நாளில் புஞ்சை, ஊர், நகரம் என்று பல இடங்களைத் தொட வேண்டியிருக்கிறது; வெறுங்கையோடு போவது அரிதாகி, போகும்போது ஒரு சுமையும் வரும்போது வேறொரு சுமையும் கூடவே இருக்கிறது.

இந்தப் பயணங்கள் நிகழும் மண் சாதாரண மண் அன்று. கரிசலில் மாண்ட்மோரில்லோனைட் என்னும் களிமண் கனிமம் மிகுந்திருக்கிறது. தாள்களை அடுக்கியதுபோல் அமைந்த அதன் நுண்தகடுகளுக்கிடையே நீர் புகும்போது மண் உப்பி வழுவழுப்பாகவும், வெயிலில் நீர் வெளியேறும்போது சுருங்கிப் பாளம் பாளமாக வெடிப்பதாகவும் ஆகிறது. மானாவாரி வேளாண்மைக்கான ஆய்வு நிலையம் ஒன்று 1901 இலேயே கோவில்பட்டியில் நிறுவப்பட்டதற்கு இம்மண்ணின் தனித்தன்மையும் மழையின் நிச்சயமின்மையுமே பின்னணி. ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் பெய்யும் மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் இறங்கிவிடுகிறது. உளுந்து, பாசி, பருத்தி, சோளம், மக்காச்சோளம் ஆகியவற்றின் விதைப்பும் களையெடுப்பும் உரமிடலும் அதே மாதங்களில் நெருக்கமாக வருவதால், சம்சாரி எனப்படும் உழவர் தன் காட்டுக்கு, அதாவது புஞ்சைக்கு, அதிகமாகப் போய்வர வேண்டிய காலமும் காட்டுப் பாதை மிக மோசமாக இருக்கும் காலமும் ஒன்றாகிவிடுகின்றன.

நனைந்த கரிசலில் வண்டி எப்படி நிற்கிறது என்பதைக் கிட்ட இருந்து பார்த்தால் எடையின் பொருள் விளங்கும். சக்கரம் சுழலச் சுழல மண் டயரில் அப்பி, டயருக்கும் மட்காட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அடைத்து, இறுதியில் சக்கரத்தையே இறுகப் பிடித்துக்கொள்கிறது. சிறிய சக்கரமும் நெருக்கமான மூடியும் கொண்ட ஸ்கூட்டர் முதலில் நிற்கிறது. பதினாறு அங்குல ஒல்லிச் சக்கரம் கொண்ட மொபெட் இன்னும் சற்றுத் தொலைவு போய் நிற்கிறது. கார் அந்தப் பாதையில் இறங்குவதே இல்லை. நின்ற பிறகு நடப்பதில்தான் உண்மையான வேறுபாடு இருக்கிறது. மொபெட்காரர் இறங்கி, வேலியோரக் கருவேலங்குச்சி ஒன்றை ஒடித்து மண்ணைக் குத்தி வழித்துவிட்டு, பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிப் பொழி என்னும் வரப்பின் மேல் வைத்து உருட்டிக்கொண்டு தார்ச்சாலைக்கு வந்துவிடுகிறார். ஒரு மனிதர் தனியாகத் தூக்கி நகர்த்தக்கூடிய எடை என்பது இங்கே ஊர்தியின் கூடுதல் வசதி என்ற நிலையைத் தாண்டி, ஊர்தி பயன்படுமா பயன்படாதா என்பதையே முடிவு செய்கிறது.

கட்டை வண்டியிலிருந்து மொபெட் வரை

கரிசலின் பழைய ஊர்தி மாட்டு வண்டி. ஆளுயரத்தை நெருங்கும் அதன் மரச்சக்கரம் குழிகளை எளிதில் கடந்தது. ஆனால் தனி மனிதரின் அவசரப் பயணத்துக்கு அது பெரிது, மாடு வளர்க்க இயலாத குடும்பத்துக்கு எட்டாதது. அந்த இடைவெளியை முதலில் நிரப்பியது மிதிவண்டி. முருகப்பா குழுமம் இங்கிலாந்து நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 1949 இல் சென்னை அம்பத்தூரை மையமாகக் கொண்டு டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியதிலிருந்து, தமிழ்நாட்டுக் கிராமங்களில் மிதிவண்டி படிப்படியாகப் பரவியது. இருபது கிலோ அளவிலான ஒரு மிதிவண்டி ஓர் ஆளையும் ஒரு மூட்டையையும் சேர்த்துத் தன் எடையைப்போல் ஐந்து மடங்கைச் சுமக்கிறது. மனிதர் செய்த ஊர்திகளில் எடைக்கு எடை இதை மிஞ்சியது அரிது. புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கம் 1990களின் தொடக்கத்தில் பல்லாயிரம் கிராமப் பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டக் கற்பித்தபோது, எடை குறைந்த ஊர்தி சமூக விடுதலைக்கும் கருவியாகும் என்பது கண்கூடாயிற்று.

மிதிவண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இடைப்பட்டது மொபெட். மோட்டார், மிதிகட்டை என்னும் இரு சொற்களின் தொடக்கங்களை ஒட்டவைத்து 1950களின் தொடக்கத்தில் சுவீடனில் உருவான இப்பெயர், தேவைப்பட்டால் காலால் மிதித்தும் ஓட்டக்கூடிய சிற்றெஞ்சின் வண்டியைக் குறித்தது. போருக்குப் பிந்திய பிரான்சில் 1946 இல் வெலோசோலெக்ஸ், ஜப்பானில் 1958 இல் ஹோண்டா சூப்பர் கப் என்று பொருளாதாரம் நொறுங்கிய நாடுகளிலெல்லாம் மக்களை மீண்டும் நகர வைத்தவை இத்தகைய சிறு வண்டிகள்; இவற்றுள் சூப்பர் கப் 2017 க்குள் பத்துக் கோடிக்கு மேல் உற்பத்தியாகி, உலகில் மிக அதிகமாகச் செய்யப்பட்ட மோட்டார் ஊர்தி என்ற நிலையை அடைந்தது. இந்தியாவில் புனேயின் கைனெடிக் நிறுவனம் 1972 இல் லூனாவை வெளியிட்டது. 1980 இல் ஓசூர்த் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50, இருவர் அமரக்கூடிய முதல் இந்திய மொபெட் என்ற வகையில் குடும்ப வண்டியாகவும் சுமை வண்டியாகவும் ஒருசேர ஆயிற்று.

அவ்வண்டியின் வழிவந்த எக்ஸ்.எல். வகையின் அமைப்பு, தென்மாவட்டங்களில் அதற்குக் கிடைத்த இடத்தை விளக்குகிறது. கியர் மாற்ற வேண்டியதில்லை. எஞ்சினின் சுழற்சி வேகம் கூடும்போது தானே பற்றிக்கொள்ளும் கிளட்ச் இருப்பதால், ஆக்சிலேட்டரைத் திருகத் தெரிந்தவர் எவரும் ஓட்டலாம். இருக்கைக்கு முன்னால் தட்டையான தளம் இருப்பதால் சேலை கட்டிய பெண் எளிதாக ஏறி இறங்குகிறார். அதே தளத்தில் ஓர் உர மூட்டை நிற்கிறது. பின்னிருக்கையைக் கழற்றிவிட்டால் சோளத்தட்டைக் கட்டோ மீன் பெட்டியோ கடலை மிட்டாய்த் தகரமோ வைக்க இடமாகிறது. ஊர்ப் பட்டறைகளில் இரும்புக் கம்பியை வளைத்துப் பற்றவைத்துத் தரும் கொக்கிகளில் இருபுறமும் தண்ணீர்க் குடங்கள் தொங்குகின்றன. தீப்பெட்டி ஆபீஸ் என்று வட்டார மக்கள் அழைக்கும் தொழிற்கூடங்களிலிருந்து பொருள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, வீட்டில் முடித்த வேலையைத் திரும்பக் கொண்டுசெல்லும் போக்குவரத்துக்கும் இவ்வண்டி பயன்பட்டது. தயாரிப்பாளர் வடிவமைத்ததைப் பயன்படுத்துவோர் தம் தேவைக்கேற்ப முடித்துக்கொள்ள இடம் விட்ட வண்டி என்பதே அதன் வெற்றிக்கு ஆழமான காரணம் எனலாம்.

அதற்கு ஒரு பெருங்குறையும் இருந்தது. பழைய மொபெட்டுகள் இரு வீச்சு எஞ்சின் கொண்டவை. உருளைக்குள் பிஸ்டன் ஒருமுறை மேலும் கீழும் சென்று வருவதற்குள் எரிபொருள் உள்ளே வருவதும் எரிந்த புகை வெளியேறுவதும் முடிந்துவிட வேண்டியிருப்பதால், உள்ளே வந்த பெட்ரோல் கலவையில் ஒரு கணிசமான பங்கு எரியாமலேயே புகைவழியில் தப்பிவிடும். பெட்ரோலோடு கலந்து ஊற்றும் ஆயிலும் நீலப் புகையாக வெளியேறும். எடை குறைந்த வண்டி சிக்கனமானது என்ற பெயரை எஞ்சினின் இந்த ஒழுகல் ஓரளவு பொய்யாக்கியது. மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகிவந்த நிலையில், 2015 இல் 99.7 சி.சி. நான்கு வீச்சு எஞ்சினோடு எக்ஸ்.எல். 100 வந்தது, 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 விதிகளுக்காக, எரிபொருளை மின்னணு முறையில் அளந்து செலுத்தும் அமைப்பும் அதில் சேர்ந்தது. விதி கடுமையானதால் சிறு வண்டி அழியவில்லை, தன் பழைய குறையைக் களைந்துகொண்டு நிலைத்தது என்பது கவனிக்கத்தக்கது.

எடையின் கணக்கு

சாலையில் ஓடும் ஊர்தி மூன்று தடைகளை வெல்ல வேண்டியிருக்கிறது. டயர் நசுங்கி நிமிர்வதால் உண்டாகும் உருள்தடை எடைக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. நின்ற நிலையிலிருந்து வேகம் எடுக்கத் தேவையான ஆற்றலும் எடைக்கு நேர்விகிதமே. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அது வெப்பமாக வீணாகிறது. மூன்றாவதான காற்றுத்தடை, எடையை விட்டு வேகத்தைச் சார்கிறது: வேகம் 40 கிலோமீட்டரிலிருந்து 80 ஆக இரட்டித்தால் தடை நான்கு மடங்காகவும் அதை வெல்லத் தேவையான திறன் எட்டு மடங்காகவும் உயரும். மாடும் ஆடும் குறுக்கிடும் ஊர்ச்சாலையில் அடிக்கடி நின்று, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பயணத்தில் முதல் இரண்டு தடைகளுக்கு முக்கியத்துவம் கூடுவதால், எடையைக் குறைப்பதே சிக்கனத்துக்கு நேர்வழியாகிறது.

அறுபத்தைந்து கிலோ எடையுள்ள ஒருவர் தனியே பயணம் செய்வதாகக் கொண்டால், நகர்த்தப்படும் மொத்த எடையில் மனிதரின் பங்கு என்ன என்பதை எளிதாகக் கணக்கிடலாம். இருபது கிலோ மிதிவண்டியில் அது நூற்றுக்கு 76. தொண்ணூறு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த மொபெட்டில் ஏறத்தாழ 42. 900 கிலோ சிறிய காரில் 7 க்கும் குறைவு. ஒன்றரை டன் எடையுள்ள பெரிய காரில் 4. ஒன்றரை டன் கார் குடிக்கும் பெட்ரோலில் பெரும்பகுதி காரையே இழுக்கச் செலவாகிறது என்று இதைச் சொல்லலாம். தயாரிப்பாளர் அனுமதிக்கும் சுமை என்று பார்த்தாலும், மொபெட் 130 கிலோ அளவுக்கு, அதாவது தன் எடையைவிட அதிகமாகச் சுமக்கிறது. ஐவர் அமரும் கார் தன் எடையில் பாதியைச் சுமந்தாலே அது நிறைபாரம்.

பணக் கணக்கும் இதையே காட்டுகிறது. இருபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊரிலிருந்து நாள்தோறும் கோவில்பட்டி வந்து திரும்புபவர் 40 கிலோமீட்டர் ஓட்டுகிறார். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் வண்டியில் 0.8 லிட்டரும், 16 கிலோமீட்டர் தரும் காரில் 2.5 லிட்டரும் செலவாகும். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் முறையே 80 ரூபாயும் 250 ரூபாயும் ஆகும். ஊரக வேலை உறுதித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025–26 இல் அறிவிக்கப்பட்ட நாள்கூலி 336 ரூபாய் என்பதோடு வைத்துப் பார்த்தால், முதலாவது கூலியில் கால்பங்கு, இரண்டாவது முக்கால்பங்கு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. இந்தியா தன் கச்சா எண்ணெய்த் தேவையில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்கிறது. ஆகவே சம்சாரியின் மடியிலிருந்து போகும் பணமும் நாட்டின் கருவூலத்திலிருந்து போகும் அந்நியச் செலாவணியும் ஒரே கசிவின் இரு முனைகள்.

இங்கே ஒரு திருத்தம் தேவை. கியர் இல்லாத மொபெட்டில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையிலான சுழல் விகிதம் மாறாதது என்பதால், வேகம் கூடும்போது எஞ்சின் தேவைக்கு மேல் வேகமாகச் சுழல நேர்கிறது. அதனாலேயே நூறு சி.சி. மோட்டார் சைக்கிள், எடையில் இருபது கிலோவுக்கு மேல் கூடியிருந்தும், நெடுஞ்சாலையில் மொபெட்டுக்கு இணையாகவோ சற்று மேலாகவோ மைலேஜ் தருகிறது. எடை குறைவின் நியாயம் பெட்ரோல் சிக்கனத்தோடு முடிந்துவிட்டால் மோட்டார் சைக்கிளே போதும். வாங்கும் விலை, ஓட்டக் கற்கும் எளிமை, சுமை வைக்கும் இடம், சேற்றிலிருந்து மீட்கும் வசதி ஆகியவை சேரும்போதுதான் மொபெட்டின் வாதம் முழுமை பெறுகிறது.

பேருந்தும் சிறு வண்டியும்

எந்தச் சிறு ஊர்தியையும்விட நிறைந்த பேருந்து சிக்கனமானது. லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் ஓடும் பேருந்தில் ஐம்பது பேர் அமர்ந்திருந்தால் ஒரு லிட்டர் டீசலுக்கு 250 ஆள்-கிலோமீட்டர், அதாவது அத்தனை ஆட்களின் பயணத்தொலைவைக் கூட்டிய அளவு, கிடைக்கிறது. மொபெட்டில் ஒருவர் சென்றால் அது 50, இருவர் சென்றால் 100. காரில் ஒருவர் சென்றால் 16. ஆனால் பேருந்தில் பத்துப் பேர் மட்டுமே இருந்தால் அதுவும் 50 ஆகக் குறைந்து, தனியாள் மொபெட்டின் நிலைக்கு வந்துவிடுகிறது. காலையிலும் மாலையிலும் நிரம்பி வழிந்து, நண்பகலில் வெறுமையாகத் திரும்பும் கிராமத் தடங்களில், பெரிய பேருந்து எந்நேரமும் சிக்கனம் என்று சொல்லிவிட முடியாது. பெரிய பேருந்து போக இயலாத ஊர்களுக்காகத் தமிழ்நாட்டில் 1997 இல் தொடங்கிய சிற்றுந்துத் திட்டமும், 2025 இல் புதிய வடிவில் அது மீண்டும் செயலுக்கு வந்ததும், தேவைக்கு ஏற்ற அளவில் ஊர்தியை அமைத்தல் என்ற அதே நெறியின் பொதுப் போக்குவரத்து வடிவங்கள்.

பேருந்தையும் சிறு வண்டியையும் எதிரெதிராக நிறுத்துவது பயனற்றது. தமிழ்நாடு அரசு 2018 பிப்ரவரியில் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டம், வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி அல்லது 25 ஆயிரம் ரூபாய், இவற்றில் எது குறைவோ அதை மானியமாக வழங்கியது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. இரண்டும் ஒரே சிக்கலின் வேறு வேறு பகுதிகளைத் தொடுகின்றன: பேருந்து நேரத்துக்குள் வேலை அமைந்த பெண்ணுக்கு இரண்டாவது பெருந்துணை, விடிவதற்கு முன் பூ வாங்கப் போகும் பெண்ணுக்கும் இரவுப் பணி முடிந்து திரும்பும் பஞ்சாலைத் தொழிலாளிக்கும் பேருந்து இல்லாத நேரத்தில் கட்டணச் சலுகை பயன் தராது. ஊரிலிருந்து முதன்மைச் சாலை வரை சிறு வண்டியும் அங்கிருந்து பேருந்தும் என்று இணைவதற்கு, நிறுத்தங்களில் நிழலும் பாதுகாப்பும் கொண்ட வண்டி நிறுத்துமிடம் அமைவது எளிய தீர்வு. சாலையோர டீக்கடைக்காரர்களின் நல்லெண்ணத்தை நம்பியே இன்று அது நடந்துவருகிறது.

ஆபத்தும் அதன் காரணமும்

சிறு ஊர்திக்கு எதிரான வலுவான வாதம் பாதுகாப்பு. ஒன்றிய அரசின் புள்ளிவிவரப்படி 2022 இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் ஏறத்தாழ 75 ஆயிரம் பேர், அதாவது நூற்றுக்கு 44 க்கு மேற்பட்டோர், இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள். சிறு வண்டியை ஆதரிக்கும் எவரும் இவ்வெண்ணைக் கடந்துபோய்விட முடியாது. தலைக்கவசம் அணியாமை, அளவுக்கு மீறிய சுமை, பின்னால் வரும் வண்டியை மறைக்கும் வைக்கோல் கட்டு, எரியாத பின்விளக்கு ஆகியவை ஓட்டுவோர் தரப்பின் குறைகள். தன் எடைக்கு மேல் சுமக்க வல்ல வண்டியில் அதன் இருமடங்கை ஏற்றும்போது, பிரேக் அதற்காகச் செய்யப்பட்டதன்று என்பது மறக்கப்படுகிறது. 125 சி.சி. வரையிலான வண்டிகளில் ஒரு பிரேக்கை அழுத்தினால் இரு சக்கரங்களிலும் பிடிக்கும் அமைப்பு 2019 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கப்பட்டது இத்திசையில் ஒரு முன்னேற்றம்.

இருப்பினும் மோதலின் கடுமைக்கு இரு ஊர்திகளுக்கும் இடையிலான எடை வேற்றுமையும் வேக வேற்றுமையும் முதன்மைக் காரணிகள். ஒரே எடையுள்ள பொருள் 40 கிலோமீட்டர் வேகத்தில் கொண்டிருக்கும் இயக்க ஆற்றலைப்போல் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஆறு மடங்குக்கு மேல் கொண்டிருக்கும். அதோடு எடையும் பதினைந்து மடங்கு கூடினால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. ஊரின் ஒரு பக்கம் குடியிருப்பும் மறுபக்கம் புஞ்சையுமாக இருந்த கிராமங்களின் நடுவே நான்குவழிச் சாலை சென்றபோது, காட்டுக்குப் போகும் மொபெட்டும் கன்னியாகுமரிக்கு விரையும் காரும் ஒரே பரப்பைப் பகிர நேர்ந்தது. தொலைவிலுள்ள திருப்பத்துக்குச் சென்று வளைந்து வரச் சோம்பி எதிர்த்திசையில் வருபவரைக் குறை சொல்வது எளிது. இணைச்சாலையும் சுரங்கப்பாதையும் அவருடைய அன்றாட வழியில் இருக்கின்றனவா என்று கேட்பதே பொறியியல். பெரிய ஊர்தியை வாங்கித் தற்காத்துக்கொள்ளும் ஒவ்வொருவரும் சிறிய ஊர்தியில் செல்பவரின் ஆபத்தைக் கூட்டுகிறார் என்பதால், எடையேற்றப் போட்டியால் சாலை பாதுகாப்பாவதில்லை.

சாலைக்கும் எடை பகைதான். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1950களின் இறுதியில் நடந்த விரிவான சாலைச் சோதனையிலிருந்து பெறப்பட்ட நெறிப்படி, ஓர் அச்சின் மேல் இறங்கும் சுமை இருமடங்கானால் சாலைக்கு நேரும் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்காகிறது. அடியிலேயே உப்பியும் சுருங்கியும் அசையும் கரிசலின் மேல் போட்ட ஊர்ச்சாலை, மற்ற மண்ணில் போட்டதைவிட எளிதில் விரிசல் விடுவது. அதன்மேல் ஓடும் பாரலாரிகள் அந்த விரிசலை விரைவில் பள்ளமாக்குகின்றன. மொபெட்டுகளின் கணக்கோ அந்தச் சேதத்தில் பதிவாகும் அளவுக்கே வராது.

சிறிய கார்களின் கதை

இருசக்கர வண்டியின் ஆபத்தையும் பெரிய காரின் வீணடிப்பையும் ஒருசேரத் தவிர்க்கும் வழியாகச் சிறிய காரைப் பல நாடுகள் முயன்றன. பிரான்சில் 1930களில் திட்டமிடப்பட்டு 1948 இல் அறிமுகமான சித்ரோயன் 2சி.வி., உழவரையும் அவருடைய உருளைக்கிழங்கு மூட்டையையும் ஏற்றிக்கொண்டு, உழுத நிலத்தில் முட்டைக் கூடையோடு போனாலும் ஒரு முட்டையும் உடையாத வகையில் ஓட வேண்டும் என்ற நோக்கத்தோடு வடிவமைக்கப்பட்டது. ஜப்பான் 1949 இல் தனிச் சட்ட வகையாக ஏற்படுத்திய கெய் கார், இன்று நீளம் 3.4 மீட்டருக்கும் எஞ்சின் 660 சி.சி.க்கும் மிகாதிருக்க வேண்டும். அவ்வரம்புக்குள் நிற்பவற்றுக்கு வரிச் சலுகை உண்டு. சிறியது என்பதைச் சட்டமே வரையறுத்துப் பரிசளித்ததால், அந்நாட்டுப் பொறியாளர்கள் அவ்வரம்புக்குள் அடங்கும் சுமை வண்டிகளையும் குடும்ப வண்டிகளையும் தலைமுறை தலைமுறையாகச் செம்மைப்படுத்தினர்.

இந்தியாவில் 1983 இல் வந்த மாருதி 800 சிறிய அளவை நவீனத்தின் அடையாளமாகக் காட்டி வென்றது. 2008 இல் அறிமுகமான டாட்டா நானோ, ஒரு லட்ச ரூபாய் என்ற விலையையே தன் முகவரியாகக் கொண்டதால் மலிவு என்ற முத்திரை அதன்மேல் விழுந்து, பத்தாண்டுகளில் உற்பத்தி நின்றது. கார் வாங்குபவர் மலிவைத் தேடினாலும், மலிவானதை வாங்கியவர் என்று ஊர் சொல்வதை விரும்புவதில்லை. மொபெட்டை எவரும் மலிவுக்காக ஏளனம் செய்யாமைக்குக் காரணம், அதன் வேலை இன்னது என்று ஊருக்கே தெரியும் என்பதுதான். இன்று இந்தியாவில் விற்கும் பயணிகள் ஊர்திகளில் பாதிக்கு மேல் உயர்ந்த உடலும் கூடுதல் எடையும் கொண்ட பயன்பாட்டு ஊர்தி வகையைச் சேர்ந்தவை.

கொள்கையும் இப்போக்குக்குத் துணைபோகிறது. கார் நிறுவனங்களின் சராசரி எரிபொருள் செலவுக்கு 2017–18 இலும் பின்னர் 2022–23 இலும் வரம்புகள் விதிக்கப்பட்டன. ஆனால் நிறுவனம் விற்கும் கார்களின் சராசரி எடை கூடக்கூட அந்த வரம்பும் தளரும் வகையில் சூத்திரம் அமைந்திருக்கிறது. எடையைக் குறைத்து எரிபொருளை மிச்சப்படுத்தும் நிறுவனத்துக்கு வரம்பு இறுகிவிடுவதால், மிச்சத்தின் பலனில் ஒரு பங்கு பறிபோகிறது. இருசக்கர வண்டிகளுக்குச் சரக்கு–சேவை வரி நெடுங்காலம் 28 விழுக்காடாக இருந்து, 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலானவற்றுக்கு 18 ஆகக் குறைக்கப்பட்டது வரவேற்கத்தக்கது. ஆயினும் நூறு சி.சி. மொபெட்டும் 350 சி.சி. மோட்டார் சைக்கிளும் அங்கே ஒரே படியில் நிற்கின்றன.

மின்கலமும் பதிவுச் சான்றிதழும்

2023–24 நிதியாண்டில் இந்தியாவில் விற்ற ஏறத்தாழ 1.8 கோடி இருசக்கர வண்டிகளில் மொபெட்டுகளின் எண்ணிக்கை ஐந்து லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. பெட்ரோல் மொபெட் சுருங்கிவரும் இவ்வேளையில், 2024 பிப்ரவரியில் லூனா மின்வண்டியாகத் திரும்பி வந்தது. மின் ஊர்திக்கு எடை இன்னும் கடுமையான எசமான்: ஊர்தி கனத்தால் பெரிய மின்கலம் வேண்டும், பெரிய மின்கலமே ஊர்தியை மேலும் கனமாக்கும். சிறு வண்டியில் இச்சுழல் தலைகீழாகத் திரும்பி, இருபது கிலோமீட்டர் போய்வரும் கரிசல் பயணத்துக்குச் சிறிய மின்கலமே போதுமானதாகிறது. 250 வாட் திறனுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் குறைந்த மின்வண்டிகளுக்குப் பதிவும் உரிமமும் தேவையில்லை என்று மோட்டார் ஊர்தி விதிகள் விலக்களித்துள்ளன. ஆனால் மூட்டையோடு மேட்டுப்பாதை ஏறுவதற்கு அத்திறன் போதாது. பதினாறு வயது நிரம்பியோர் 50 சி.சி. வரையிலான வண்டியை ஓட்டலாம் என்ற 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு, அளவில் அதற்குள் அடங்கிய பழைய மொபெட்டுகள் மறைந்துவிட்டதால் பொருளிழந்து நிற்கிறது. இவ்விரு எல்லைகளுக்கும் இடையில், எடையையும் வேகத்தையும் அடிப்படையாகக் கொண்ட ஒரு புதிய சிற்றூர்தி வகையைச் சட்டம் வரையறுக்க இடம் இருக்கிறது.

அதற்கான தரவு ஏற்கெனவே அரசின் கையில் உள்ளது. ஆர்.சி. புத்தகம் என்று மக்கள் அழைக்கும் பதிவுச் சான்றிதழில், ஊர்தியின் வெற்று எடை ஒரு கட்டத்தில் கிலோ கணக்கில் எழுதப்படுகிறது. தமிழ்நாட்டில் சொந்தப் பயன்பாட்டுக்கான ஊர்திகளின் வாழ்நாள் வரியோ விலையைப் பார்த்து விதிக்கப்படுகிறது. 2023 இன் திருத்தத்துக்குப் பின் ஒரு லட்ச ரூபாய் வரையிலான இருசக்கர வண்டிக்கு அது விலையில் பத்து விழுக்காடு. விலை, வாங்குபவரின் வசதியைக் காட்டும். எடை, அந்த ஊர்தி பிறருக்கும் சாலைக்கும் காற்றுக்கும் வைக்கும் பாரத்தைக் காட்டும். இடைசெவல் பக்கத்துக் காட்டுப் பாதையில் குச்சியால் சேற்றை வழித்துவிட்டு வண்டியைப் பொழிமேல் தூக்கி வைப்பவர் அந்த எண்ணின் பொருளைத் தன் தோளில் அறிந்திருக்கிறார். பதிவு அலுவலகமோ அதே எண்ணை எழுதிக்கொண்டு, வரி போடும்போது அடுத்த கட்டத்துக்கு நகர்ந்துவிடுகிறது.